நூற்றுக்கு ஒருவர்தான் ஏழையா? மன்னாரின் கடன் கொப்பியும் அரசாங்கத்தின் கணக்கும்

மன்னார்த் தீவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அண்மையில் ஒரு புள்ளிவிபரத்தைச் சொன்னேன். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடும்பக் கணக்கின்படி மன்னார் மாவட்டத்தில் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் மட்டுமே. கொழும்பு மாவட்டத்தின் 0.9 வீதத்துக்கு அடுத்தபடியாக, இலங்கையிலேயே குறைந்த வறுமை மன்னாரில்தான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேசை லாச்சியைத் திறந்து நீல மட்டை போட்ட கொப்பி ஒன்றை எடுத்து வைத்தார்.

"நானா, அந்த ஒரு ஆளைத் தவிர மிச்ச தொண்ணூற்றொன்பது பேரும் இந்தக் கொப்பியில இருக்கிறாங்க போல."

நமது வியாபாரிகளுக்கு அந்தக் கொப்பியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. அரிசி, சீனி, பருப்பு, குழந்தைப் பால்மா என்று எழுதி, பெயருக்கு நேரே தொகை போட்டு, மீன் பட்டதும் தருகிறேன் என்ற வாக்கில் போகும் கடன் அது. அந்தக் கொப்பியும் அரசாங்கத்தின் கணக்கும் ஒரே குடும்பத்தைத்தான் பேசுகின்றன. ஆனால் இரண்டும் இரண்டு கதை சொல்கின்றன. இது ஏன், இதனால் நமது முதலுக்கு என்ன ஆபத்து என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

அரசாங்கக் கணக்கு என்று நான் சொல்வது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டலகு வருமான செலவின அளவீடு. சனத்தொகைக் கணக்கெடுப்பு வேறு, இது வேறு. அதில் எல்லா வீடுகளையும் தட்டுவார்கள். இதில் நாடு முழுவதிலும் சுமார் 25,000 குடும்பங்களைத் தெரிவுசெய்து, பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதியினரிடம் போவார்கள். கடலுக்கும் வயலுக்கும் பருவம் இருப்பதால் ஒரு மாதத்துக் கணக்கை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், ஒரு மாதத்தில் வேறு எதற்கெல்லாம் செலவழித்தீர்கள், வருமானம் எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன கடன் என்றெல்லாம் கேட்பார்கள். ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். மன்னார் போன்ற சிறிய மாவட்டத்துக்கு வரும் பங்கு சில நூறு குடும்பங்கள் மட்டுமே.

இந்த விடயத்தில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. மத்திய வங்கி தொடங்கி மூன்றே ஆண்டுகளில், 1953இல், நுகர்வோர் நிதி பற்றிய அளவீட்டை அது நடத்தியது. 1963, 1973 என்று தொடர்ந்து, கடைசியாக 2003/04இல் அதே வரிசையில் ஓர் அளவீடு நடந்தது. அக்காலத்தில் நமது பிராந்தியத்தில் இப்படி ஒழுங்காகக் குடும்பங்களின் வரவு செலவைக் கேட்ட மத்திய வங்கிகள் அதிகமில்லை. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 1951-52இல் கிராமியக் கடன் பற்றிப் பெரிய அளவீடு ஒன்றை நடத்தியது. கிராமத்துக் குடும்பங்கள் வாங்கும் கடனில் வர்த்தக வங்கிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, பெரும்பகுதி வட்டிக்காரரிடமும் வியாபாரியிடமும் என்று அது காட்டியது. 1955இல் இம்பீரியல் வங்கியை அரசுடைமையாக்கி ஸ்டேட் பேங்க் ஒஃப் இந்தியா உருவானதற்கு அந்த அறிக்கையே வழிசமைத்தது. வீட்டு வாசலில் கேட்ட கேள்வி ஒரு நாட்டின் வங்கித்துறையையே மாற்றியது.

ஆனால் இந்த ஏடுகளில் நமது மன்னார் எங்கே இருந்தது?

யுத்தம் தொடங்கிய பின்னர் வடக்கும் கிழக்கும் இந்த அளவீடுகளில் இருந்து விடுபடத் தொடங்கின. மத்திய வங்கியின் 2003/04 அளவீடு சமாதான காலத்தில் நடந்தபோதும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் அதில் இல்லை. யுத்தம் முடிந்த கையோடு நடந்த 2009/10 வீட்டலகு அளவீட்டிலும் இதே மூன்று மாவட்டங்கள் விடுபட்டன. இருபத்தைந்து மாவட்டங்களும் முழுமையாக உள்ளடங்கியது 2012/13 அளவீட்டில்தான். ஒரு தலைமுறை வளர்ந்து, திருமணம் முடித்து, பிள்ளை பெறும் காலம் முழுவதும் மன்னார்க் குடும்பம் எவ்வளவு சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது நாட்டின் கணக்கில் வெற்றிடமாகவே இருந்தது. ஐந்து வருடம் பெரேட்டில் பதிவு செய்யாத கடையை வங்கி எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் பதிவில்லாத மாவட்டத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

2012/13இல் கணக்கு வந்தபோது மன்னாரின் வறுமை 20.1 வீதம். நாட்டின் சராசரி 6.7 வீதம் மட்டுமே. பின்னர் 2016இல் நாட்டின் சராசரி 4.1 வீதமாகவும் மன்னார் 1.0 வீதமாகவும் இறங்கின. மூன்று ஆண்டு இடைவெளியில் ஐந்தில் ஒருவர் என்பது நூற்றில் ஒருவர் ஆயிற்று. பக்கத்து மாவட்டமான கிளிநொச்சியில் அதே 2016இல் 18.2 வீதம்.

இதில் பொய் எதுவும் இல்லை என்றே நான் நினைக்கிறேன். வீதிகள் போடப்பட்டன, பாலம் வந்தது, கடற்பாஸ் நடைமுறை நீங்கியது, 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் ஓடியது. கட்டட வேலை நிறைய இருந்தது. நண்டும் கடலட்டையும் நல்ல விலைக்குப் போயின. முன்னேற்றம் உண்மை. சில நூறு குடும்பங்களை வைத்துச் சொல்லும் கணக்கில் ஏற்ற இறக்கம் அதிகமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் வியாபாரி கவனிக்க வேண்டிய காரணம் இவற்றுக்கு அப்பால் இருக்கிறது.

வறுமையை இந்த அளவீடு வருமானத்தை வைத்து அளப்பதில்லை. நுகர்வை வைத்து அளக்கிறது. அதாவது நீங்கள் எவ்வளவு உழைத்தீர்கள் என்பதல்ல, எவ்வளவு சாப்பிட்டீர்கள், செலவழித்தீர்கள் என்பதே கேள்வி. 2016இல் ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா என்பது தேசிய வறுமைக்கோடு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் சுமார் 21,000 ரூபாவுக்கு மேல் பொருள் நுகரப்பட்டால் அந்தக் குடும்பம் ஏழையல்ல. அந்தப் பொருள் கைக்காசுக்கு வந்ததா, கடன் கொப்பியில் எழுதி வந்ததா என்பது வறுமைக் கணக்கில் வித்தியாசம் காட்டாது.

நமது நண்பரின் நீலக் கொப்பி மறுபடியும் இங்கே வருகிறது. அவர் கடனுக்குக் கொடுத்த அரிசிதான் அந்த வீட்டை வறுமைக்கோட்டுக்கு மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறது. புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கையில் அந்தக் குடும்பம் நன்றாக இருக்கிறது. பாரம் கடைக்காரரின் தோளில் இருக்கிறது. வடக்கில் யுத்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் கடன் எப்படிப் பெருகியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2009க்குப் பிறகு வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு கிளை திறந்தார்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபா போதாமல், கூரை போடுவதற்கு நகையை அடகு வைத்த குடும்பங்கள் ஏராளம். வாராந்தம் வீட்டு வாசலுக்கு வந்து அறவிடும் நுண்கடன் அதன் பின்னால் வந்தது. 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. வறுமை குறைந்து வருகிறது என்று அளவீடு சொன்ன அதே காலத்தில்தான் இது நடந்தது. 2016 அளவீட்டின் கடன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. நாட்டில் நூற்றுக்குச் சுமார் 60 குடும்பங்கள் ஏதாவதொரு கடனில் இருப்பதை அதுவே காட்டியிருந்தது. எல்லோரும் முதற்பக்கத்து வறுமை வீதத்தை மட்டும் பார்த்தார்கள்.

கடன் பக்கத்தையும் வருமானப் பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அதை அழுத்தச் சோதனை என்கிறார்கள். படகுக்கு இயந்திரம் பூட்டியதும் அமைதியான கடலில் ஓட்டிப் பார்த்தால் போதாது; காற்று அடித்தால் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பின்னர் வங்கிகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம் போலாகிவிட்டது. இலங்கையிலும் சர்வதேச நாணய நிதியத்தின் 2023 உடன்பாட்டோடு பெரிய வங்கிகளின் கடன் ஏடுகள் பரிசீலிக்கப்பட்டன. ஆனால் அது வங்கியின் பக்கத்திலிருந்து பார்ப்பது. வங்கிக்குத் தன்னிடம் வாங்கிய கடன் தெரியும். கிறிப் அறிக்கை எடுத்தால் மற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள கடன் தெரியும். சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம், நகை வியாபாரியிடம் வைத்த காப்பு, சீட்டுப் பிடித்ததில் உள்ள பாக்கி, உங்கள் கடைக் கொப்பி எதுவும் தெரியாது. இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கக்கூடியவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்கும் கணக்கெடுப்பாளர் மட்டுமே.

அதனால்தான் வெளிநாட்டு மத்திய வங்கிகள் குடும்ப அளவீட்டைக் கையில் எடுத்தன. ஐரோப்பிய மத்திய வங்கி 15 நாடுகளில் 62,000க்கும் அதிகமான குடும்பங்களிடம் சொத்தும் கடனும் கேட்டு 2013இல் முதல் முடிவுகளை வெளியிட்டது. ஒஸ்திரியாவின் மத்திய வங்கி அதற்கு முன்பே தன் நாட்டுக் குடும்பங்களை இவ்வாறு சோதித்தது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மத்திய வங்கி 2007 முதல் இதற்கென்றே ஓர் அளவீடு வைத்திருக்கிறது. இவர்களின் கணக்கு சமன்பாடு நிறைந்ததாக இருக்கும், ஆனால் அடிப்படை மிக எளிது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வருமானத்தை எழுது; தவிர்க்க முடியாத வாழ்க்கைச் செலவைக் கழி; கடன் தவணைகளைக் கழி; மிச்சம் என்ன என்று பார். பிறகு ஓர் அடியைக் கொடு. வட்டி ஏறியது, வேலை போனது, எரிபொருள் விலை கூடியது என்று வைத்துக்கொள். எத்தனை குடும்பங்களின் மிச்சம் பூச்சியத்துக்குக் கீழே போகிறது? நாட்டின் மொத்தக் கடனில் எவ்வளவு அந்தக் குடும்பங்களின் கையில் இருக்கிறது? அவர்களின் சொத்தை விற்றால் எவ்வளவு தேறும்? விடயம் இவ்வளவுதான்.

ஏன் ஒவ்வொரு குடும்பமாகப் பார்க்க வேண்டும், சராசரியை எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரு வீட்டில் மாதம் 40,000 ரூபா மிஞ்சுகிறது, அடுத்த வீட்டில் 10,000 ரூபா துண்டு விழுகிறது. சராசரி 15,000 ரூபா மிச்சம். சராசரியைப் பார்த்தவன் இரு வீட்டுக்கும் கடன் கொடுப்பான், ஒரு வீட்டில் இழப்பான். 2019 அளவீட்டில் நாட்டின் சராசரிக் குடும்ப வருமானம் மாதம் 76,414 ரூபா. ஆனால் குடும்பங்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் அவர் வருமானம் 53,333 ரூபா. இடையில் உள்ள 23,000 ரூபா மேலே உள்ள சிலரால் வந்தது. நமது கடைக்கு வருபவர் பெரும்பாலும் நடுவில் நிற்பவரும் அவருக்குப் பின்னால் நிற்பவர்களும்தான்.

இனி மன்னாருக்கு ஏற்ற உதாரணம் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நானே எடுத்த தொகைகள் இவை. பைபர் படகு ஒன்றின் சொந்தக்காரர், மாதம் 18 நாள் கடலுக்குப் போகிறார், நாளொன்றுக்கு 12,000 ரூபாவுக்கு மீன் விற்கிறார் என்று வைப்போம். மாதம் 216,000 ரூபா. பயணம் ஒன்றுக்கு 15 லீற்றர் மண்ணெண்ணெய். லீற்றர் 87 ரூபாவாக இருந்த காலத்தில் மாதம் 23,490 ரூபா. ஐஸ், வலைத் திருத்தம் முதலியவற்றுக்கு 36,000. மிச்சம் 156,510. அதில் பாதி ஆட்களுக்கு, பாதி படகுக்காரருக்கு: 78,255 ரூபா. வீட்டின் அத்தியாவசியச் செலவு 50,000. இயந்திரத் தவணை 14,000, அடகு வட்டி 4,000, கடைப் பாக்கிக்கு 5,000. எல்லாம் போக மாதம் 5,255 ரூபா மிச்சம். நல்ல வாடிக்கையாளர் என்றே எந்த வியாபாரியும் சொல்வார்.

2022 ஓகஸ்ட் மாதம் அரசாங்கம் மண்ணெண்ணெய் விலையை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கியது. அதற்கு முந்திய மாதங்களில் பணம் இருந்தாலும் எண்ணெய் இருக்கவில்லை என்பது வேறு கதை. இப்போது அதே படகின் எரிபொருள் செலவு மாதம் 91,800 ரூபா. மற்ற எதையும் மாற்றாவிட்டால் படகுக்காரரின் பங்கு 44,100 ரூபாவாகக் குறைகிறது. மீன் விலையும் ஏறியதே என்று சொல்வீர்கள். சரி, நூற்றுக்கு முப்பது ஏறியதாக வைப்போம். பங்கு 76,500 ரூபாவாகத் திரும்பி வருகிறது. ஆனால் அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதமும், அதில் உணவுப் பகுதி 94.9 வீதமும் ஏறியிருந்தன. வீட்டுச் செலவு 50,000த்திலிருந்து 75,000 மட்டுமே ஆனது என்று தயவாக வைத்தாலும், தவணைகளையும் கழித்தால் மாதம் 21,500 ரூபா துண்டு விழுகிறது. அந்தத் துண்டு முதலில் எங்கே வந்து விழும்? இயந்திரத்தை லீசிங் கம்பனி பறித்துக்கொண்டு போகும், நகை ஏலத்தில் போகும், ஆகவே அந்த இரண்டையும் எப்பாடுபட்டாவது கட்டுவார். கடைப் பாக்கி நிற்கும். கடைசியில் தவணை கேட்பவர் நாம்தான், ஏனென்றால் நம்மிடம் ஈடு இல்லை, முகம் பார்த்துக் கொடுத்த கடன்.

வங்கிக்குக் கிடைக்காத ஒரு சிக்கலும் நமக்கு உண்டு. கொழும்பில் உள்ள வங்கி நுவரெலியாவிலும் மாத்தறையிலும் கடன் கொடுத்திருக்கும். ஓர் இடத்தில் மழை என்றால் இன்னோர் இடத்தில் வெயில். பேசாலைப் பக்கமோ தாழ்வுபாட்டுப் பக்கமோ கடை வைத்திருப்பவரின் கொப்பியில் ஐம்பது பெயர் இருக்கலாம், கடல் ஒன்றுதான். காற்று அடித்தாலும், எண்ணெய் இல்லாவிட்டாலும், இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துவிட்டுப் போனாலும் ஐம்பது பேரும் ஒரே நாளில் கடன் கேட்டு வருவார்கள். ஒரே நாளில் பாக்கி கட்டாமல் விடுவார்கள். ஐம்பது வாடிக்கையாளர் என்று நாம் நினைப்பது சோதனைக் கணக்கில் ஒருவர்தான். கட்டுக்கரைக் குளத்து நீரில் வயல் செய்யும் நானாட்டான், உயிலங்குளம் பக்கத்துக் குடும்பங்களும், மாதச் சம்பளக்காரரும், வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகளும் கொப்பியில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நெருக்கடியின்போது நாடளாவிய நிலையிலும் இதே சோதனைதான் நடந்தது. 2022இல் கையில் இருந்த கடைசி முழு அளவீடு 2019க்கு உரியது. உலக வங்கி அந்தப் பழைய அளவீட்டின் குடும்பங்கள் மீது புதிய விலைவாசியையும் வேலையிழப்பையும் ஏற்றிக் கணினியில் பார்த்து, நாளொன்றுக்கு 3.65 டொலர் என்ற அளவுகோலில் வறுமை 2021இன் 13.1 வீதத்திலிருந்து 2022இல் 25 வீதமாக இரட்டித்தது என்று மதிப்பிட்டது. லேர்ன்ஏஷியா நிறுவனம் 2022-23இல் நேரடியாக வீடுகளுக்குப் போய்க் கேட்டபோது, 2019இல் 30 இலட்சமாக இருந்த ஏழைகள் 70 இலட்சமானதாகக் கண்டது. புள்ளிவிபரத் திணைக்களமும் 2023இல் நெருக்கடியின் தாக்கம் பற்றித் தனி அளவீடு செய்தது. நூற்றுக்கு 60.5 குடும்பங்களின் வருமானம் குறைந்திருந்தது, 91 குடும்பங்களின் செலவு கூடியிருந்தது, 22 குடும்பங்கள் நெருக்கடியினாலேயே புதிதாகக் கடன்பட்டிருந்தன. முதல் இரண்டு எண்ணிக்கைகளும் கடைக்காரருக்கு முன்பே தெரியும். மூன்றாவது அவரே கொடுத்த கடனாகவும் இருக்கலாம்.

கணினிக் கணக்கும் வாசலில் கேட்ட கணக்கும் ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டியது கவனிக்கத்தக்கது. பழைய அளவீடானாலும் ஒழுங்காக எடுத்திருந்தால் புதிய புயலில் உதவும். மறுபக்கமும் உண்டு. பழைய அளவீட்டில் சரியாகப் பதியப்படாதவர் புதிய கணக்கிலும் தெரியமாட்டார்.

அந்தத் தெரியாதவர்களில் நமது மக்களும் அடங்குவர் என்பதே என் கவலை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார் மக்களில் பெரும்பாலானோர் கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் குடியேறினார்கள். 2009க்குப் பின்னர் மீள்குடியேற்றம் என்று வந்தபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று திரும்பியவர்கள் பலர் முழுக் குடும்பமாகத் திரும்பவில்லை. வாப்பா மன்னாரில் கடையைத் திறந்தார், உம்மாவும் பிள்ளைகளும் பாடசாலைக்காகப் புத்தளத்தில் இருந்தார்கள். உலை இரண்டாகிவிட்டது. அளவீட்டின் விதிப்படி மன்னாரில் இருப்பவர் ஓராள் குடும்பம். நல்ல வருமானம், ஒரு வயிறு, வறுமை இல்லை. புத்தளத்தில் இருப்பது இன்னொரு குடும்பம், பணம் அனுப்பிவைக்கப்படுகிறது. கடையின் சரக்குக்கு எடுத்த கடன் மன்னாரில், வீடு கட்ட எடுத்த கடன் புத்தளத்தில். இரண்டு தாளிலும் பாதி பாதி உண்மை எழுதப்படும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வசதி அந்தப் படிவத்தில் இல்லை. இரண்டு வீட்டுச் செலவையும் ஒரு கடை தாங்குகிறது என்பதும், ஓர் அடியில் இரண்டு வீடும் விழும் என்பதும் எந்தச் சோதனையிலும் வெளிவராது.

இது வெறும் ஆராய்ச்சியாளர் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும கொடுப்பனவில் யார் தகுதி என்பது குடும்பத் தகவல்களை வைத்துப் புள்ளி போட்டே தீர்மானிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். தவறான தாளில் பதியப்பட்ட குடும்பத்துக்குச் சரியான புள்ளி வராது.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால் வருமானத்தைக் குறைத்தும் கடனை மறைத்தும் சொல்வது வியாபாரக் குடும்பங்களில் ஒரு பழக்கமாகிவிட்டது. இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விடும் என்று ஒரு பயம், ஊரில் கடன்காரன் என்று பெயர் வந்துவிடும் என்று இன்னொரு பயம். தனிக் குடும்பத்தின் பதிலை வெளியிட முடியாதபடி புள்ளிவிபரச் சட்டம் இரகசியத்தைக் காக்கிறது. வரி அதிகாரி வேறு, இவர் வேறு. சில நூறு குடும்பங்கள் முழு மாவட்டத்துக்கும் பேசும்போது, ஒரு வீட்டில் சொன்ன தவறான பதில் பல வீடுகளின் பதிலாகப் பெருகும். வட்டியில்லாமல் உறவினரிடம் வாங்கிய கைமாற்று, கூட்டு முதலில் கொடுக்க வேண்டிய பங்கு போன்றவற்றைக் கடன் என்று நாம் நினைப்பதே இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் எதுவானாலும் சோதனைக் கணக்கில் அது கடன்தான்.

நீலக் கொப்பி நண்பரிடம் திரும்பி வருகிறேன். நோன்புப் பெருநாள் வியாபாரம் ஓய்ந்த ஒரு நாளில் அவரும் நானும் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு இருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று விடயம் மட்டும் எழுதச் சொன்னேன். இவருக்கு உழைப்பு எங்கிருந்து வருகிறது, வேறு யாருக்குத் தவணை கட்டுகிறார், இரண்டு வாரம் கடல் அடைத்தால் என்ன செய்வார். முதல் கேள்விக்கு யோசிக்காமல் எழுதினார். இரண்டாவதில் தடுமாறினார், பல பெயர்களுக்கு நேரே கேள்விக்குறி போட்டார். அத்தனை வருடம் கடன் கொடுத்த வீட்டில் வேறு என்ன கடன் இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டார். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான பெயர்களுக்கு நேரே அவர் எழுதியது ஒரே சொல்: "இங்க வருவார்."

பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரிக்குக் கொடுத்திருந்த திகதியிட்ட காசோலைகளைக் கூட்டினார். 2022இல் அந்த மொத்த வியாபாரி முப்பது நாள் தவணையை நிறுத்திக் கைக்காசு கேட்டதை நினைவுபடுத்தினார். ஐம்பது குடும்பங்களும் ஒரே வாரத்தில் வந்தால், புறக்கோட்டையும் தவணையை நிறுத்தினால், கல்லாவில் உள்ளது எத்தனை நாளைக்கு வரும் என்று கூட்டிப் பார்த்தோம். ஒன்பது நாள்.

அதன் பிறகு அவர் யாருக்கும் கடனை நிறுத்தவில்லை. நிறுத்தவும் முடியாது, ஊரில் இருக்க வேண்டுமே. கடலுக்குப் போகும் வீடுகளுக்குக் கொடுக்கும் மொத்தத் தொகைக்கு ஓர் எல்லை வைத்தார். மீன் நன்றாகப் படும் மாதங்களில் பாக்கியில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கத் தொடங்கினார். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர் யார் என்று மெல்ல விசாரித்து அறிந்துகொண்டார். அடுத்த முறை கணக்கெடுப்பாளர் வந்தால் புத்தளத்து வீட்டைப் பற்றியும் சொல்லப்போவதாகச் சொன்னார். "எழுத இடமில்லை எண்டு சொன்னா?" என்று கேட்டேன். "ஓரத்துல எழுதச் சொல்வன், நானா" என்றார்.